தை மாதத்தில் நம் சபை மண்டபங்கள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன?

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்துச் சபைகளில் ஊழியம் செய்யும் போதகர்களுக்கும், மூப்பர்களுக்கும், வாலிபர் ஐக்கியப் பொறுப்பாளர்களுக்கும்,

கிறிஸ்துவுக்குள் அன்பான வாழ்த்துகள்.

போன மாதம் நாம் கூடியபோது இரண்டு காரியங்கள் பேச வந்தன. முதலாவது, அடுத்த ஆண்டுப் பரிசுத்த பூமிப் பயணம். பயண நிறுவனத்திலிருந்து வந்த தம்பி மடிக்கணினியைத் திறந்து படம் காட்டினார். டீயும் தேன்குழலும் வந்தன. எந்தச் சபையிலிருந்து எத்தனை பேர் என்று அங்கேயே ஏறக்குறைய கணக்கு முடிந்துவிட்டது. இரண்டாவது, பழநிப் பாதயாத்திரைக் குழு ஒன்றின் பெரியவர் எழுதி அனுப்பியிருந்த சீட்டு. தைப்பூசத்துக்கு நடந்து போகும்போது, சாலையோரமாக இருக்கும் நம் சபை மண்டபங்களில் பெண்கள் மட்டும் ஓர் இரவு படுக்க இடமும், கழிப்பறையும் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். சமையலுக்கு அவர்களே ஆள் கூட்டி வருகிறார்களாம், கரண்டு பில்லையும் கொடுத்துவிடுவார்களாம். அதை ஒருவர் வாசித்தார். இன்னொருவர் சிரித்தார். "பிறகு பார்க்கலாம்" என்றார்கள். ஜெபித்துவிட்டுக் கலைந்தோம்.

அந்தப் "பிறகு" இன்னும் வரவில்லை. மார்கழி பிறக்கப் போகிறது. வாட்ஸ்அப் குழுவில் எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அங்கே எதை எழுதினாலும் வரிசையாக ஆமென் வருகிறது, பின்னாலேயே ரோஜாப்பூ வைத்த காலை வணக்கம் வருகிறது, எழுதியது மேலே போய் மறைந்துவிடுகிறது. தவிரவும் இது போதகர்கள் மட்டும் முடிவு செய்கிற காரியம் இல்லை. மண்டபம் சபையாரின் காணிக்கையில் கட்டியது. அவர்களும் வாசிக்கட்டும் என்றே திறந்த மடலாக எழுதுகிறேன்.

பயணத்துக்கு நான் விரோதி இல்லை. எருசலேமுக்கு நானும் போய் வந்தேன். மகன் பணம் கட்டினான். கலிலேயாக் கடலில் படகு ஏறியதும் அவர்கள் நம் நாட்டுக் கொடியை ஏற்றி, ஜனகணமன போட்டார்கள். நம் ஆட்கள் அழுதுவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அது தினசரி வியாபாரம் என்று தெரிந்தும் எனக்கும் தொண்டை அடைத்தது. இயேசு கல்யாணத்துக்குப் போன கானாவூரில் தாத்தா பாட்டிகள் மறுபடி மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். யோர்தானில் முழுக்கு, சாக்கடலில் மிதப்பு, மதியம் பேதுருவின் மீன் என்று ஒரு பொரித்த மீன். நம் பாறை மீன் வறுவலுக்குப் பக்கத்தில் அது நிற்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒலிவ மலையில் பரமண்டல ஜெபம் பல மொழிகளில் பதித்திருக்கும் ஆலயம் ஒன்று உண்டு. தமிழிலும் இருக்கிறது. எங்களுடன் வந்த ஒரு பாட்டி அந்தத் தமிழ் எழுத்துகளை விரலால் தடவித் தடவி, எழுத்துக்கூட்டி, கடைசி வரை வாசித்து முடித்தார்கள். வழிகாட்டி அவசரப்படுத்தியும் நகரவில்லை. அந்த ஒரு காட்சிக்காகவே போன செலவு தகும் என்று நினைக்கிறேன். தமிழக அரசு எருசலேம் பயணிகளுக்கு 37,000 ரூபாயும், கன்னியாஸ்திரீகளுக்கு 60,000 ரூபாயும் மானியம் என்று அறிவித்திருக்கிறது. ஏழை விசுவாசிகள் போக அது உதவுமானால் நல்லதுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த ஊரில் நாம் போய்ப் பார்க்கிற இடங்களில் பாதி, யாரோ ஒருவர் வழிப்போக்கனுக்கு இடம் கொடுத்த இடம் அல்லது கொடுக்க மறுத்த இடம். பெத்லகேமில் சத்திரத்தில் இடமில்லை என்றார்கள். எரிகோ போகும் சாலையில் பேருந்து நல்ல சமாரியன் சத்திரத்தைக் கடந்து போகிறது. மம்ரேயில் ஆபிரகாம் வெயில் நேரத்தில் வாசலில் உட்கார்ந்திருந்து, முன்பின் தெரியாத மூன்று பேரைக் கண்டதும் ஓடிப்போய்க் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார். எம்மாவூரில் இரண்டு பேர், பொழுது போய்விட்டது தங்கிவிட்டுப் போங்கள் என்று ஓர் அந்நியனை வற்புறுத்தினார்கள். இதையெல்லாம் படம் பிடித்துக்கொண்டு வருகிறோம். வந்து மண்டபத்தைப் பூட்டிவைக்கிறோம்.

கல்லறைத் தேவாலயத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆர்த்தோடாக்ஸ், கத்தோலிக்கர், ஆர்மீனியர் என்று ஆளுக்கொரு மூலையைப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். முகப்பில் ஜன்னலுக்கு அடியில் ஒரு மர ஏணி தலைமுறை தலைமுறையாக நகர்த்தப்படாமல் நிற்கிறது. ஒருவர் தொட்டால் இன்னொருவருக்கு ஆகாது. அந்தக் கோயிலின் சாவியை வைத்திருப்பது ஒரு முஸ்லிம் குடும்பம், காலையில் கதவைத் திறப்பது இன்னொரு முஸ்லிம் குடும்பம். நூற்றாண்டுகளாக இப்படித்தான் நடக்கிறது. நம் இரட்சகரின் கல்லறைக்குள் நாம் நுழைய வேறொரு மார்க்கத்தார் கதவைத் திறந்துவிடுகிறார்கள். இதை வழிகாட்டி சுவாரசியமான துணுக்காகச் சொன்னார், நாமும் துணுக்காகக் கேட்டுக்கொண்டோம்.

பயணப் பட்டியலில் இல்லாத இன்னோர் இடமும் அந்தப் பழைய நகரத்துக்குள் உண்டு. நான் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் அதைப் பற்றி வாசித்தேன். ஏரோதின் வாசலுக்கு அருகில் இந்தியர்களுக்கென்றே ஒரு தங்குமிடம். 1200-ஆம் ஆண்டை ஒட்டிப் பஞ்சாபிலிருந்து போன பாபா ஃபரீத் என்ற சூஃபி ஞானி அங்கே தங்கித் தியானம் செய்ததாகச் சொல்கிறார்கள். அவருக்குப் பின் மக்காவுக்கும் எருசலேமுக்கும் போன இந்திய யாத்திரிகர்கள் அங்கே இறங்கியிருக்கிறார்கள். 1924-லிருந்து சகாரன்பூரிலிருந்து போன அன்சாரி குடும்பம் அதைப் பார்த்துக்கொள்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது விடுப்பில் வந்த இந்தியச் சிப்பாய்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். எட்டு நூற்றாண்டுகளாக ஒரு ஊர், ஊரார் அல்லாதவனுக்கு ஒரு மூலையை ஒதுக்கி வைத்திருக்கிறது.

சரி, அவ்வளவு தூரம் எதற்கு? வழிப்போக்கனுக்கு இடம் கொடுப்பது பற்றிச் செட்டிநாட்டுக்காரனுக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. நகரத்தார், அதாவது நம் பக்கத்துச் செட்டியார்கள், கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போன ஊர்களிலெல்லாம் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பர்மா, மலாயா, சிங்கப்பூர், சைகோன் என்று எங்கே போனாலும் ஒரு தண்டாயுதபாணி கோயில், அப்புறம் ஆட்கள் தங்கித் தொழில் செய்ய ஒரு கிட்டங்கி. சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் இருக்கும் கோயில் 1859-இல் எழுந்தது. யாத்திரைத் தலங்களிலும் அதே பழக்கம்தான். காசியில் இருக்கும் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்துக்குப் போனவர்கள் சொல்வார்கள்: காசிக்குப் போய் இறங்கினால் தமிழ் பேசவும், இட்லி சாப்பிடவும், பெட்டியை நம்பி வைக்கவும் ஒரு வீடு இருக்கிறது என்று. அங்கிருந்து விசுவநாதர் கோயிலுக்குப் பூசைச் சாமான்களைச் "சம்போ" சொல்லி எடுத்துப் போகும் வழக்கம் இன்றும் நிற்கவில்லை. இராமேசுவரத்திலும் சத்திரம். போகிறவன் தனக்கு மட்டும் இடம் பிடிக்கவில்லை, பின்னால் வருகிறவனுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் வந்தான்.

1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது காடும் மலையும் தாண்டி நடந்தே இந்தியா வந்து சேர்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில். செட்டியார்கள் மட்டுமல்ல, அவர்களிடம் கணக்கெழுதியவர்கள், சமையல் பார்த்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள். நம் சபைகளிலும் அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். வழியில் தண்ணீர் கொடுத்தவன் என்ன சாமி கும்பிட்டான் என்று அந்தத் தாத்தாக்கள் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளின் அமைப்பே வாசலில் தொடங்குகிறது. முகப்புத் திண்ணை முன்பின் தெரியாதவன் வந்து உட்காரலாம் என்று விட்ட இடம். பட்டாலை உறவினருக்கும் வியாபாரத்துக்கு வந்தவருக்கும். அதற்குப் பிறகுதான் குடும்பம் புழங்கும் வளவும் கட்டுகளும். இன்று பல வீடுகளில் திண்ணைக்கு இரும்புக் கிராதி போட்டாயிற்று, சில வீடுகள் ஓட்டலாகிவிட்டன. கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் கல்யாணத்துக்கு முந்திய போட்டோ எடுக்க வரும் ஜோடிகள் தூணுக்குத் தூண் நின்று திரும்பிப் பார்க்கிறார்கள், மேலே டிரோன் வண்டுபோல ரீங்காரமிடுகிறது. முனீஸ்வரன் கோயில் தெருவில் பிரித்து விற்கும் நிலைகளையும் தூண்களையும் பெங்களூர்க்காரர்கள் விலை பேசி ஏற்றிப் போகிறார்கள். நான் இதையெல்லாம் குறைசொல்ல வரவில்லை. அந்த ஓட்டல்களில் சமைப்பதும், வண்டி ஓட்டுவதும், அறை பெருக்குவதும் நம் சபைப் பிள்ளைகள்தான். ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கு மறுபடி கிராக்கி வந்ததால் சில வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆனால் காசு கொடுத்தால்தான் திண்ணை என்று ஆன பிறகு, காசில்லாமல் உட்கார ஊரில் ஓர் இடம் வேண்டாமா? பேருந்து நிலையத்துச் சிமெண்டுத் திண்டையும், டாஸ்மாக் வாசலையும் தவிர?

இனி பாதயாத்திரை. குன்றக்குடியில் கூடிப் புறப்படுகிற நகரத்தார் காவடி பல நூற்றாண்டு மரபு. சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக 150 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். இப்போது நகரத்தார் மட்டும் நடப்பதில்லை, எல்லாச் சாதியாரும், எல்லா வயதினரும் நடக்கிறார்கள். தை மாதப் பனியில் விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறும் முன் ஒரு நிழல் தேடி, மறுபடி சாயங்காலம் நடை. தார்ச்சாலையில் வெறுங்கால். முதல் நாள் சிரிப்பும் பாட்டுமாகப் போகிறவர்கள், கொப்புளம் உடைந்த பிறகு பேச்சில்லாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். வழிநெடுக மோர், சுக்குக் காப்பி, சாப்பாடு எல்லாம் யாராவது கொடுக்கிறார்கள். அதற்குக் குறைவில்லை. பெண்களுக்குக் குறைவாக இருப்பது கதவு உள்ள கழிப்பறை. இருட்டும் வரை தண்ணீர் குடிக்காமல் நடக்கிறோம் என்று ஓர் ஆச்சி என் மனைவியிடம் சொன்னார்கள். நல்ல வசதியுள்ள குடும்பம், சென்னையில் மகன் டாக்டர். நெடுஞ்சாலையில் நடக்கும்போது வசதி எதற்கு உதவுகிறது?

இந்த ஓர் உபகாரம் நம்மிடம் இருக்கிறது. நம் மண்டபங்களில் பெரும்பாலானவை சாலை ஓரத்தில். கல்யாணத்துக்கென்று கழிப்பறை கட்டிவைத்திருக்கிறோம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆராதனை முடிந்தால் தை முழுக்க மண்டபத்துக்குப் பெரிதாக வேலை இல்லை.

உங்கள் தயக்கங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. கூட்டத்தில் வாய் திறந்து சொல்லாததை அப்புறம் போனில் சிலர் சொன்னார்கள்.

விக்கிரக ஆராதனைக்கு உடந்தையாகிவிடுவோமே என்பது முதல் தயக்கம். இதை லேசாகத் தள்ள மாட்டேன். மனசாட்சி சம்பந்தப்பட்டது. கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் இதைப் பற்றியே அதிகாரம் அதிகாரமாக எழுதியிருக்கிறார். ஆனால் அதே பவுல் கப்பல் உடைந்து மெலித்தா தீவில் கரை ஒதுங்கியபோது, மழையிலும் குளிரிலும் நடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு நெருப்பு மூட்டிக் கொடுத்தவர்கள் யார்? பாம்பு கடித்தும் சாகாததைப் பார்த்து அவரையே ஒரு தேவன் என்று சொன்னவர்கள். அவர்கள் காட்டிய அன்பு கொஞ்சமல்ல என்று லூக்கா எழுதி வைத்திருக்கிறார். தீவின் தலைவன் மூன்று நாள் வீட்டில் வைத்து உபசரித்தான். எலியாவுக்கு அப்பம் சுட்டுக் கொடுத்த சாறிபாத் விதவை இஸ்ரவேலைச் சேர்ந்தவள் அல்ல. வேதத்தில் நம் ஆட்கள் பிறருடைய அடுப்பில் தாராளமாகக் குளிர் காய்ந்திருக்கிறார்கள். நம் அடுப்பைக் கேட்கும்போது மட்டும் கேள்வித்தாள் நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கழிப்பறைக் கதவைத் திறந்துவிடுவது வழிபாடு ஆகாது.

உடனே இன்னொரு தரப்பு எழுந்தது. ஆகட்டும், திறப்போம், அப்படியே ஆளுக்கொரு கைப்பிரதி கொடுத்துவிடலாம், நல்ல ஊழிய வாசல் என்றார்கள். அருமையான சகோதரர்களே, வேண்டாம். சுவிசேஷம் சொல்ல வெட்கப்படுகிறவன் அல்ல நான். சந்தையில் நின்று சொல்லியிருக்கிறேன், கல்லெறியும் வாங்கியிருக்கிறேன். சந்தையில் கேட்பவனுக்குப் பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம். கால் வீங்கி நம் பாயில் படுத்திருக்கிற ஆச்சி எங்கே எழுந்து போவார்கள்? விருந்தாளி எழுந்து போக முடியாத நேரத்தில் அவர்கள் தலைமாட்டில் பிரசங்கம் செய்வது மரியாதை இல்லை. செம்பில் தண்ணீர் கொடுத்தால் தண்ணீரோடு நிற்கட்டும். நம்மைப் பற்றி ஏதாவது கேட்டால் பதில் சொல்லுங்கள், அவ்வளவுதான். பதாகை கட்ட வேண்டாம், சபைப் பெயர் அச்சடித்த தண்ணீர் பாட்டில் வேண்டாம். வாலிபர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: ரீல்ஸ் வேண்டாம். கொப்புளத்துக்கு மருந்து போடுவதை முன்னும் பின்னும் இசை சேர்த்துப் போட்டால் லைக் குவியும் என்று எனக்கும் தெரியும். இப்போது நம் ஆராதனையே பாதி கேமராவுக்காக நடக்கிறது; எல்.இ.டி திரை வாங்க காணிக்கை எடுத்தோம், புகை எந்திரம் வேண்டும் என்று போன மாதம் ஒரு தம்பி கேட்டார். (சாம்பிராணிக்கு ஆகாது என்று சொன்ன சபை நம்முடையது.) இந்த ஓர் இரவாவது போன் சட்டைப்பையில் இருக்கட்டும்.

சபையார் என்ன சொல்வார்கள், யாராவது மண்டபத்தில் காவடியைப் படம் பிடித்துப் பரப்பிவிட்டால் என்ன ஆகும் என்பது அடுத்த பயம். பரப்பத்தான் செய்வார்கள். அதற்குத்தான் முன்கூட்டியே ஞாயிறு ஆராதனையில் அறிவித்துவிட வேண்டும் என்கிறேன். மறைத்துச் செய்தால்தான் வதந்தி. காவடியையும் வேலையும் எங்கே வைப்பது என்பதைக் குழுப் பெரியவர்களிடம் கேட்டால் அவர்களே வழி சொல்வார்கள். பூசை உள்ளதை ராத்தங்கலுக்கு எங்கே இறக்குவது என்பதில் நம்மைவிட அவர்கள் கண்டிப்பு. நம்மிடம் கேட்டது பெண்கள் படுக்க இடம். அதற்குமேல் கற்பனை செய்துகொண்டு நாமே ஏன் பயப்படுகிறோம்?

இந்த மண்ணுக்கு நம் மார்க்கம் எப்படி வந்தது என்றும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். லிஸ்பனில் பிறந்த கத்தோலிக்கக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ), காவி கட்டி, மாமிசம் விட்டு, மறவர் சீமையில் கால்நடையாகத்தான் சுற்றினார். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. நம் வாசலிலிருந்து ஒரு பேருந்து தூரத்தில் இருக்கிறது ஓரியூர். கத்தோலிக்கர் இடம் என்று நாம் விட்டுவிட்டோம். எருசலேம் போய்வந்த நம் விசுவாசிகளில் எத்தனை பேர் அந்தச் செம்மணலை மிதித்திருக்கிறார்கள்? அவரைப் பிடித்துக்கொடுத்தவர்களின் பெயரை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. அவர் ஒளிந்து நடந்த இரவுகளில் கூழ் ஊற்றியவர்களின் பெயர் ஒன்றும் இல்லை. அப்புறம் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர். தஞ்சாவூரிலிருந்து வந்து இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் பள்ளிக்கூடம் தொடங்கியவர், 1798-இல் இறந்தார். அவர் நடந்த காலத்தில் இந்த வழியில் நம் சபை எதுவும் இல்லை. சாவடியிலும் சத்திரத்திலும்தான் படுத்திருப்பார். அந்தச் சாவடிகளை விட்டவர்கள் சிவனையும் முருகனையும் கும்பிட்டவர்கள். சருகணித் தேவாலயத்துக்கு மானியம் விட்டவர்கள் மருது சகோதரர்கள். காளையார்கோவில் கோபுரம் கட்டிய அதே கை. பிற்காலத்தில், 1982-இல் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே கலவரம் நடந்தபோது, அமைதிப் பணிக்குக் குமரி மாவட்டத்துக்குப் போனவர்களில் குன்றக்குடி அடிகளார் ஒருவர். குன்றக்குடியிலிருந்து புறப்படுகிற யாத்திரிகருக்குக் கதவு திறக்க இதைவிட எனக்குக் காரணம் வேண்டியதில்லை.

இனி சொல்லப் போவது சிலருக்குக் கசக்கும். டிசம்பர், ஜனவரியில் ஓட்டல்களில் தங்கும் வெள்ளைக்காரர்களில் சிலர் ஞாயிறு காலையில் நம் ஆராதனைக்கு வருகிறார்கள். பெரும்பாலும் வயதான தம்பதிகள். கடைசி பெஞ்சில் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டுப் போக வந்தவர்கள். நாம் விடுகிறோமா? முன் வரிசைக்குக் கூட்டிவருகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், மைக்கைக் கையில் கொடுத்து வாழ்த்துச் சொல்லச் சொல்கிறோம். ஒரு தாத்தா பயந்தே போய்விட்டார். பொன்மோதிரக்காரனை நல்ல இடத்தில் உட்கார வைத்து, ஏழையைப் பார்த்து நீ அங்கே நில் என்று சொல்லாதீர்கள் என யாக்கோபு எழுதியது நம் பிரசங்கத்துக்குப் பிடித்த பகுதி. நாலு கிலோமீட்டர் தள்ளி, நம் மொழி பேசுகிற, நம் தெருவில் அரிசிக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி வெறுங்காலோடு நடந்து போகிறார். அவர் வீட்டுக் கல்யாணத்தில் நாம் சாப்பிட்டிருக்கிறோம். அவருக்குப் பூட்டு.

பரிசுத்த பூமிப் பயணத்தைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். இத்தனை பேரைச் சேர்த்தால் போதகருக்கு ஓர் இடம் இலவசம் என்ற ஏற்பாடு நாம் எல்லோரும் அறிந்தது. சட்டப்படி அதில் குற்றம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த இலவச இடம் என் கண்ணில் நிற்கும்போது, பிரசங்க மேடையிலிருந்து "கர்த்தர் உங்களை எருசலேமுக்கு அழைக்கிறார்" என்று நான் சொன்னால், அழைத்தது யார் என்று கேட்க மாட்டார்களா? மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டின குடும்பம் எனக்குத் தெரியும். ஆகவே பயண அறிவிப்பு மேடையிலிருந்து வர வேண்டாம், அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். இலவச இடம் வந்தால் அதைக் கோயில்பிள்ளைக்கோ, சம்பளமே வாங்காமல் ஞாயிறு பள்ளி நடத்தும் அக்காவுக்கோ கொடுப்போம். எத்தனை வருடமாக மணி அடிக்கிற மனிதர் அந்தக் கோயில்பிள்ளை, ஒலிவ மலையை ஒரு தடவை பார்க்கட்டும். போதகர்கள் போக வேண்டுமானால் நம் காசில் போவோம். போகிற குழுவும் பெத்லகேமில் அரை நாள் கடை சுற்றுவதற்குப் பதிலாக அங்குள்ள பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களோடு ஓர் ஆராதனையில் உட்கார்ந்துவிட்டு வரட்டும். 2023-லும் 2024-லும் போர் காரணமாக அவர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தை விட்டுவிட்டார்கள். நாம் அவர்கள் ஊரை அட்டையில் வரைந்து குடில் வைத்தோம், அவர்களை நினைக்கவில்லை.

தை மாதக் காரியத்துக்கு வருகிறேன். என் சபை மூப்பர்களிடம் பேசிவிட்டேன். இரண்டு பேருக்கு இன்னும் மனமில்லை, அதை மறைக்கவில்லை. தடுக்க மாட்டோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் மண்டபம் திறக்கும். உங்களில் சாலையோரம் மண்டபம் உள்ளவர்கள் சேர்ந்தால், கூட்டம் ஒரே இடத்தில் நெருக்காமல் பிரியும்.

செய்ய வேண்டியவை பெரிதாக ஒன்றும் இல்லை. கழிப்பறைத் தொட்டியை முன்னமே இறைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். கல்யாண சீசனுக்குப் பிறகு யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பாருங்கள், பெண்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். டாங்கர் தண்ணீர் ஒரு லோடு. கால் ஊற வெந்நீர், உப்பு, வாளிகள், தேங்காய் எண்ணெய், சுத்தமான பழைய வேட்டித் துணி. பெண்கள் ஐக்கியத்திலிருந்து இரண்டு மூன்று பேர் இரவு மண்டபத்தில் இருந்தால் நல்லது. நர்ஸ் வேலை பார்க்கும் சகோதரிகள் நம் எல்லாச் சபைகளிலும் உண்டு. ஆண்கள் வாசலுக்கு வெளியே. அந்த நாட்களில் மண்டபத்து அடுப்பில் கறி ஏறக் கூடாது, பாத்திரங்களும் அவர்களுடையதாகவே இருக்கட்டும். விரதத்தில் வருகிறவர்கள், அவர்கள் கேட்டு நாம் சொல்லும்படி வைக்க வேண்டாம். அந்த வாரத்தில் யாருக்காவது ஞானஸ்நான விருந்து, பிறந்தநாள் பிரியாணி என்று மண்டபம் ஒதுக்கியிருந்தால் இப்போதே மாற்றிக் கொடுங்கள். மின்கட்டணம் கொடுக்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், ஆனால் கொடுத்தே தீருவோம் என்றால் சண்டை போடாமல் வாங்கிக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு ஆச்சியோடு கணக்கில் வாதாடி ஜெயித்தவன் கிடையாது.

ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களுக்கும் இதே கதவு திறக்கட்டும் என்று ஒரு சகோதரி கேட்டார்கள். நல்ல யோசனை. தை முடியட்டும், பேசுவோம்.

வருகிற கூடுகையில் இதை நிகழ்ச்சி நிரலில் முதலாவதாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன், டீ வருவதற்கு முன்னால். அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் எனக்குப் போன் செய்யலாம். எதிர்த்துப் பேச விரும்புகிறவர்களும் செய்யலாம், வீட்டுக்கே வந்தால் இன்னும் நல்லது. பாதயாத்திரைக் குழுவுக்கு மார்கழி பத்து தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். டாங்கர்காரர் அதற்குப் பிறகு தேதி தர மாட்டார்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் சகோதரன்,
காரைக்குடி பக்கத்துச் சிறிய சபை ஒன்றின் போதகர்